ஆம்ப்பில் கோளாறு இல்லை

ஆனையூர், மதுரை.
6.1.1984 (மார்கழி 22)

அன்பு மாப்ள கருத்தக்கண்ணனுக்கு, உன் அத்தை மகன் முத்திருளன் எழுதிக்கொள்வது.

உன் கடிதம் வந்து பதினேழு நாள் ஆகிறது. மஸ்கட்டிலிருந்து வந்த கவர் என்றதும் அம்மாதான் தபால்காரரிடம் வாங்கிக்கொண்டு ஓடி வந்தாள். என்னோடு அவள் பேச்சுவார்த்தை கிடையாது. அண்ணன் மகன் கடிதம் என்பதால் பக்கத்தில் வந்து நின்று, "என் மருமகன் என்ன எழுதியிருக்கான், படி" என்றாள். நீயோ நலம்கூட விசாரிக்காமல் முதல் வரியிலேயே "நீயெல்லாம் ஒரு மனுசனாடா?" என்று ஆரம்பித்திருந்தாய். நான் என்ன செய்வேன்? அங்கே வெயில் அதிகமாம், மெஸ்ஸில் மீன் நன்றாகப் போடுகிறார்களாம், அத்தையைக் கேட்டதாகச் சொன்னானாம் என்று இட்டுக்கட்டி வாசித்தேன். அம்மாவுக்குச் சந்தோஷம். உன் கெட்ட வார்த்தைகளையெல்லாம் நான் மட்டும் மறுபடியும் தனியாக உட்கார்ந்து படித்துக்கொண்டேன். நல்லாத்தான் திட்டுகிறாய். ஸ்டீல் கிட்டார் வாசித்த கை, எழுத்தும் வழவழவென்று போகிறது.

அதில் நீ இரண்டு விஷயம் கேட்டிருந்தாய். உன் தங்கச்சி தங்கப்பொண்ணை வேண்டாமென்று சபையில் வெற்றிலையைத் திருப்பிக் கொடுத்தேனே, அது ஏன் என்பது ஒன்று. உன் ஆம்ப்பில், அந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டியில், இனிமேல் என் கை படக்கூடாது, கொண்டுபோய் விளாங்குடி வீட்டில் வைத்துவிடு என்பது இன்னொன்று. இரண்டாவதை மறுநாளே செய்துவிட்டேன். முதல் கேள்விக்கு மூன்று முறை பதில் எழுதி மூன்றையும் அடுப்பில் போட்டேன். காலம் பூராவும் நீ திட்டிக்கொண்டே இரு, அதுவே நல்லது என்று இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா, காளை மாமா, என் வீட்டு வாசலுக்கு வந்தார். அதற்குப் பிறகு என்னால் முடியவில்லை. அவர் எதற்கு வந்தார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடாதே. உன் குணம் எனக்குத் தெரியும்.

ஆரம்பம் எல்லாம் உன் ஆம்ப்தான். சிரிக்காதே மாப்ள.

போன மாசியில் நீ பம்பாய் ரயில் ஏறும்போது பிளாட்பாரத்தில் வைத்து என்னிடம் என்ன சொன்னாய்? "வாரம் ஒருக்கா ஆன் பண்ணி வையி, இல்லாட்டி ஈரம் பிடிச்சிரும். ஆனா உன் எலெக்ட்ரிக் கிட்டாரை அதுல சொருகிறாத. அது ஸ்டீல் கிட்டாருக்குன்னே செஞ்சது. ஒரு சுரத்தை இழுத்து நிப்பாட்டினா கடைசி வரைக்கும் தெளிவா நிக்கும், எதையும் மூடி மறைக்காது. நீ வாசிக்கிற லட்சணத்துக்கு உன் தப்பெல்லாம் கடைசி வரிசைக்குக் கேக்கும்" என்றாய். ரயில் நகர்ந்த பிறகும் ஜன்னலில் கையை நீட்டி, சொருகிறாத, சொருகிறாத என்று கத்திக்கொண்டே போனாய். பக்கத்தில் நின்ற போர்ட்டர்கூடச் சிரித்தார்.

சொருகாமல்தான் இருந்தேன். சித்திரையில் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கல்யாணக் கச்சேரியில் என் பழைய வால்வு ஆம்ப் புகைந்து போனது. இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய அந்தப் பெட்டியை நீ எப்போதும் பிணம் என்பாய். அன்றைக்கு நிஜமாகவே பிணமாகிவிட்டது. மறுநாள் இன்னொரு கச்சேரி, கைவசம் வேறு ஒன்றும் கிடையாது. உன்னுடையதை எடுத்தேன். ஒரு கையில் கிட்டார், மறுகையில் உன் ஏழு கிலோ பெட்டி. டவுன் பஸ்ஸில் நிமிர்ந்து ஏறியது என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான். பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதற்காகவே சாம்பசிவம் அண்ணன் கடையில் நாயாய் அலைந்து, வால்வு இல்லாமல், மெல்லிய பலகையில், டிரான்சிஸ்டர் போட்டு நீ செய்து வாங்கினாயே, அந்த அருமை அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தங்கப்பொண்ணு அதை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடும் வந்து நிற்பாளே, நாம் இரண்டு பேரும் வெட்கப்படும்படியாக.

முதல் நாள் வாசித்தபோது காது கூசியது. தகரத்தில் ஆணியால் கீறுகிற சத்தம். உன் ஸ்டீல் கிட்டாருக்குத் தேனாய் ஊற்றிய பெட்டி என் கிட்டாரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆனால் நான் விடவில்லை. டிரெபிள் குமிழை அனேகமாகப் பூஜ்யத்துக்கே கொண்டு வந்தேன். பேஸை ஏற்றினேன். தரையில் வைக்காமல் மர நாற்காலி மேல் வைத்துப் பார்த்தேன், சத்தத்துக்குக் கொஞ்சம் சதை பிடித்தது. கிட்டாரிலும் கழுத்துப் பக்கம் ஒலி வாங்குகிற பிக்கப்புக்கு மாற்றி, கம்பி மீட்டும் பிளெக்ட்ரம் வில்லையைத் தூரப் போட்டுவிட்டுக் கட்டை விரல் சதையால் வாசித்தேன். வைகாசி பிறப்பதற்குள் அது எனக்குப் பழகிவிட்டது. வால்வு ஆம்ப்பில் எல்லாச் சுரமும் ஒன்றோடொன்று குழைந்து உறுமும், நானும் அதுதான் வாசிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன்னுடையதில் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. நான் உண்மையில் எப்படி வாசிக்கிறேன் என்று இருபத்தாறு வயதில்தான் கேட்டேன். மோசமில்லை மாப்ள. சத்தியமாகச் சொல்கிறேன், மோசமில்லை.

விளாங்குடி அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்கு எங்கள் குழு வாசித்தது. முடிந்து வயர் சுற்றிக்கொண்டிருந்தபோது தங்கப்பொண்ணு பெண்கள் கூட்டத்தோடு மேடைப் பக்கமாகப் போனாள். போகிற போக்கில், என்னைப் பார்க்காமல், பக்கத்தில் வந்தவளிடம் சொல்வது போல, "எங்கண்ணன் ஆம்ப்புல இம்புட்டு நல்லா வாசிக்கத் தெரிஞ்சவுக, அம்புட்டு நாளா அந்த இரும்புப் பெட்டியைக் கட்டிக்கிட்டு ஏன் அழுதாகளாம்?" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு நான் ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்திருப்பேன். மறுநாளே ஆம்ப்புக்கு உறை தைத்துக் கொடுத்து அனுப்பினாள், பச்சைத் துணியில், கைப்பிடிக்கு மட்டும் ஓட்டை விட்டு. இதையெல்லாம் அண்ணன்காரனிடம் எழுதக்கூடாதுதான். இப்போது எழுதினால் என்ன, எல்லாம் போய்விட்டது.

ஆடியில்தான் கோளாறு ஆரம்பித்தது. மோதிர விரலும் சுண்டு விரலும் வைக்கிற சுரம் மட்டும் நிற்காமல் செத்துப் போனது. சில சமயம் கம்பி அதிர்ந்து ஒரு மாதிரி கரகரத்தது. சோழவந்தான் பக்கத்தில் ஒரு கச்சேரியில் கூட்டத்திலிருந்து ஒருத்தன், "அண்ணே, கிட்டாருக்குச் சளி பிடிச்சிருக்கு" என்று கத்தினான். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே உட்கார்ந்து உனக்கு எழுதினேன். உன் ஆம்ப் என்னைப் பழி வாங்குகிறது, ஸ்டீலைத் தவிர எதையும் வாசிக்கவிடாத திமிர் பிடித்த பெட்டி என்று கண்டபடி எழுதியிருந்தேன். நீயும் பொறுப்பாக, சோல்டர் வைத்த இடமெல்லாம் பார்க்கச் சொல், ஸ்பீக்கர் பேப்பர் கிழிந்திருக்கும் என்று பதில் போட்டாய்.

மூன்று முறை சாம்பசிவம் அண்ணன் கடைக்குக் கொண்டுபோனேன். முதல் முறை ஏதோ ஒரு கண்டென்சரை மாற்றினார். இரண்டாவது முறை ஸ்பீக்கரையே மாற்றினார். கம்பி புதிதாகப் போட்டேன், கிட்டாரில் கம்பியைத் தாங்கும் பிரிட்ஜை உயர்த்தினேன், இறக்கினேன். ஒன்றும் சரியாகவில்லை. நடுவில் எங்கள் குழுவில் பேஸ் வாசிக்கிறவன் என் கிட்டாரை எடுத்து அதே ஆம்ப்பில் சும்மா தட்டிப் பார்த்தான். சுத்தமாகக் கேட்டது. அவன் திருப்பிக் கொடுத்ததும் நான் வாசித்தேன், மறுபடி செத்தது. உனக்கென்றால் அப்போதே புரிந்திருக்கும். நான்தான் மடையன் ஆயிற்றே, ஆம்ப்புக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நிஜமாகவே நினைத்தேன். ஒரு எலுமிச்சம்பழம் சுற்றிக்கூடப் போட்டேன்.

மூன்றாவது முறை புரட்டாசியில். சாம்பசிவம் அண்ணன் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே ஏதோ தேடிக்கொண்டிருந்தார். நான் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு, குனிந்து, எந்த வயர் விட்டிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ தீய்ந்த வாடை வந்தது. "அண்ணே, உள்ள என்னமோ கருகுது, ஸ்விட்சை அணைங்க" என்று கத்தினேன். ஓடி வந்தவர் ஆம்ப்பைப் பார்க்கவில்லை. என் இடது கையைப் பிடித்துத் தூக்கினார். சுண்டு விரல் சூடான சோல்டரிங் அயர்ன் மேல் கிடந்திருக்கிறது. தோல் வெந்து வெள்ளையாக இருந்தது. எனக்குத் தெரியவே இல்லை மாப்ள.

"வலிக்கலையா தம்பி?" என்று கேட்டார். வலிக்கவில்லை என்று சொன்னேன். அவர் ஊக்கால் மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் குத்திப் பார்த்தார். முழங்கைக்குக் கீழே ஒரு வெளிறிய தேமல் இருந்ததே, அதிலும் குத்தினார். எதுவும் தெரியவில்லை. பெட்டியை மூடி ஒவ்வொரு திருகாணியாக முடுக்கினார், ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "ஆம்ப்புல கோளாறு ஒண்ணுமில்லப்பா. நீ நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ, தோல் டாக்டரைப் பாரு. பயப்படாத" என்றார். பயப்படாதே என்று ஒருத்தர் சொல்கிற தினுசிலேயே தெரிந்துவிடுமே.

நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்று உன்னைத் தவிர யாருக்கும் புரியாது. எங்கள் கருப்புப் பெரியப்பாவுக்கும் இப்படித் தேமலில்தான் ஆரம்பித்தது, அவர் பட்டதை நாம் இரண்டு பேரும்தானே பார்த்தோம். தோட்டத்துப் பம்புசெட் அறையில் அவரைத் தனியாக வைத்திருந்தது, தூக்குச் சட்டியைக் கல் மேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடி வரச் சொன்னது, அவர் மகள்கள் இரண்டு பேரையும் பெண் கேட்டு ஒருத்தர்கூட வராமல் போனது. அவர் பெண்டாட்டியைக் கோயிலில் பொங்கல் பானை இறக்கி வைக்கவிடவில்லை. அந்த வீட்டுக்கு நாள் கிழமைக்குக்கூட யாரும் போகவில்லை. அந்த அறையை நினைத்தேன். அந்தக் கல் மேல் சட்டி வைக்கிற ஆளாகத் தங்கப்பொண்ணை நினைத்தேன். அதற்கு மேல் எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை.

ஐப்பசி பன்னிரண்டில் பரிசம் போட நாள் பார்க்க எல்லோரும் உன் வீட்டில் கூடியிருந்தார்கள். உடம்புக்கு இது என்று சொன்னால் அந்த நிமிடமே ஊர் பூராவும் பரவும், என் அம்மா சோலையம்மாளைக் கருப்புப் பெரியப்பா வீட்டாரைப் பார்த்தது போலப் பார்ப்பார்கள். சொல்லாமல் கட்டிக்கொண்டால் அது பாவம். நம் வகையறாவில் உரிமைக்காரன் தன் வாயால் வேண்டாமென்று சொல்லி வெற்றிலையைத் திருப்பிக் கொடுத்தால்தான் பெண்ணை வேறு இடத்தில் பேச முடியும். கொடுத்த நிமிடத்திலிருந்து அவள் தங்கச்சி முறை, திரும்ப மாற்ற முடியாது. எல்லாம் தெரிந்துதான் எழுந்து நின்று, "எனக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம் மாமா" என்றேன். தட்டை நீட்டினேன். காரணம் கேட்டார்கள், நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா எழுந்து வந்து சபை பார்க்க என் கன்னத்தில் அறைந்தாள். காளை மாமா நிதானமாகத் தட்டை வாங்கிக் கீழே வைத்தார். அடித்திருந்தால் தேவலை.

குழுவில் பாடுகிற பாகீரதி டீச்சரோடு எனக்குத் தொடர்பு என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். நீயும் அதைத்தான் எழுதியிருந்தாய். அந்த அம்மா பாவம், என்னிடம் நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம். நான் மறுக்கவில்லை. ஒரு காரணம் கிடைத்ததே என்று இருந்துவிட்டேன். டீச்சர் கச்சேரிக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். அது என் கணக்கில் இன்னொரு பாவம்.

இனிமேல் எழுதப் போவதுதான் என்னைக் கொல்கிறது.

வெற்றிலை கொடுத்து இருபத்து மூன்று நாள் கழித்து, கார்த்திகையில், ஆஸ்பத்திரிக்குப் போனேன். இனி என்ன வந்தால் என்ன என்ற தைரியத்தில் போனேன். அகிலாண்டம் என்று ஒரு டாக்டர் அம்மா. கையுறை எதுவும் போடாமல் என் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நரம்பைத் தடவிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசி, "தொடாதீங்கம்மா" என்று இழுத்துக்கொண்டேன். அவர்கள் சிரித்தார்கள். தொழுநோய்தான், ஆரம்பம்தான் என்றார்கள். மாத்திரை சாப்பிட ஆரம்பித்துவிட்டால் யாருக்கும் ஒட்டாதாம். விடாமல் இரண்டு வருடம் சாப்பிட்டால் சுத்தமாகப் போய்விடுமாம். இரண்டு விரலுக்கு உணர்ச்சி திரும்புமா என்பது மட்டும் சொல்ல முடியாது என்றார்கள். நான் எழுந்துவிட்டேன். வாசல் வரை போனவன் திரும்பி வந்து, இந்த நோய்க்காரன் எப்போதாவது கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டேன்.

"தாராளமா. மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டுட்டு நாளைக்கே பண்ணிக்கோங்க. பிள்ளை குட்டி எல்லாம் நல்லா இருக்கும். கூடாதுன்னு உங்களுக்கு யாரு சொன்னது?" என்று அதட்டினார்கள்.

யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை மாப்ள. பம்புசெட் அறை சொன்னது. வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அத்தனை ஜனம் பார்க்க வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் இருந்த ஒரு கிழவர் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துத் தட்டிக்கொடுத்தார். சாம்பசிவம் அண்ணன் சொன்ன மறுநாளே போயிருந்தால்! ஒரு மாதம், ஒரே ஒரு மாதம் முன்னால் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால், ஐப்பசி பன்னிரண்டில் நான் வெற்றிலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பேன்.

அங்கிருந்து நேரே உன் வீட்டுக்கு ஓடி, மாமா காலில் விழுந்துவிடலாம் என்றுதான் விளாங்குடி பஸ் ஏறினேன். முக்கில் இருக்கும் டீக்கடையில் உன் சித்தப்பா நின்றுகொண்டிருந்தார். "வாடா கிட்டாரு. நீ இல்லாட்டி எங்க பிள்ளைக்கு ஆளு இல்லையா? நேத்து திருப்பரங்குன்றத்துல பேசி முடிச்சாச்சு. கரண்ட் ஆபீசு உத்தியோகம்" என்றார். நான் டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

மாப்பிள்ளை நல்ல பையன் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். நானும் விசாரித்தேன். குடி கிடையாது. தாய்க்கு ஒரே மகன்.

உன் கடிதம் வந்த மறுநாள் ஆம்ப்பைக் கொண்டுபோனேன். தங்கப்பொண்ணுதான் கதவைத் திறந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. நான் வாசலிலேயே பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பினேன். அவள் உறையைக் கழற்றி, அங்கேயே பிளக்கைச் சொருகி, குமிழைத் திருகி, நீ செய்வது போலவே காதை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோய்க் கேட்டாள். பிறகு நிமிர்ந்து, "கோளாறு கோளாறுன்னு அண்ணனுக்கு எழுதினீகளாமே. இதுல ஒரு கோளாறும் இல்லையே... அண்ணே" என்றாள்.

அண்ணே. மதுரையில் டீ ஆற்றுகிறவன் கண்டக்டரை அண்ணே என்கிறான், கண்டக்டர் என்னை அண்ணே என்கிறான். ஒரு நாளைக்கு நூறு தடவை காதில் விழுகிற வார்த்தை. முறைப்படிதான் கூப்பிட்டாள், அவள் மேல் தப்பே இல்லை. அதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் நின்றாள். மச்சான் என்று வந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னது எனக்குத் தெரிந்தது.

விரலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்துவிட்டு, கையில என்ன என்று கேட்டாள். சோல்டரிங் அயர்ன் பட்டது, ஆற மாட்டேங்குது என்றேன். "வலிக்குதா?" என்றாள். இல்லை என்றேன். நான் பொய் சொல்வதாக நினைத்திருப்பாள். உள்ளே போய்த் தேங்காய் எண்ணெய் கொண்டு வந்து வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சுவரில் உன் ஸ்டீல் கிட்டார் துணி சுற்றி மாட்டியிருந்தது. மடியில் கிடத்தி வாசிக்கும் அதற்குக் கம்பியை அழுத்தும் விரலே வேண்டாம், இரும்பு உருளையைக் கட்டை விரலும் மற்ற இரண்டு விரலும் பிடித்தால் போதும் என்று அப்போது தோன்றியது. எண்ணெயை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

இப்போது கச்சேரிக்குப் போவதில்லை. பகலில் பட்டறையில் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறேன், மூன்று விரலை வைத்துக்கொண்டு. மாத்திரை வயிற்றுப்புண்ணுக்கு என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இதுவரை சாம்பசிவம் அண்ணனுக்கும் டாக்டருக்கும்தான் தெரியும். இனி உனக்குத் தெரியும்.

காளை மாமா வந்த விஷயம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். நான் வெற்றிலை கொடுத்த நாளிலிருந்து அதுவரை அவர் எங்கள் படி ஏறவே இல்லை. அம்மா தண்ணீர் கொடுத்தாள், குடித்தார். என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "தை இருபதுல முகூர்த்தம். கருத்தக்கண்ணனுக்கு லீவு கிடைக்குமான்னு தெரியல. அவன் வரலேன்னா அண்ணன் செய்முறை நீதான் செய்யணும். வெத்தலையைத் திருப்பின பிறகு உடன்பிறந்தவன் இடத்துல நிக்கிறது உன் கடமை. அன்னைக்கும் என் மானத்தை வாங்கிராத" என்றார்.

சரி மாமா என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

என்ன செய்முறை என்று உனக்குத் தெரியும். மாப்பிள்ளை விரலில் மச்சான் மோதிரம் போட வேண்டும். அவள் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிப்போய் அவன் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். வலது பக்கம் நின்று, என் இடது கையால், அவள் வலது கையை. என் உரிமைப் பெண்ணின் கையை நான் இதுவரை தொட்டதே இல்லை மாப்ள, நம் வளர்ப்பு அப்படி. முதன்முதலாகத் தொடப் போவது அன்றைக்குத்தான், அதுவும் இன்னொருத்தனிடம் ஒப்படைக்க. அந்தக் கையில் இரண்டு விரலுக்கு உணர்ச்சி கிடையாது. அவள் கையைப் பிடித்திருக்கிறேன் என்பதே எனக்குப் பாதிதான் தெரியும்.

இதை அவளிடம் சொல்வதா வேண்டாமா என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும். பத்திரிகை அடித்தாகிவிட்டது. இன்னொரு முறை சம்பந்தம் முறிந்தால் ஊர் அவளைத்தான் பேசும், என்னை இல்லை. அதனால் சொல்லாதே என்றுதான் இரண்டு பக்கத்துக்கு முன்னால் எழுத நினைத்தேன். எழுதக் கை வரவில்லை. சொல் என்று எழுதவும் எனக்கு உரிமை கிடையாது, அதைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டேன். நீ அவளுடைய அண்ணன், நிஜமான அண்ணன். உனக்கு எது நல்லதென்று படுகிறதோ அதற்கு நான் கட்டுப்படுகிறேன்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேரும்போது முகூர்த்தத்துக்கு இரண்டு வாரம் இருக்கும். உன் சூப்பர்வைசர் காலில் விழு. அப்பா சாகக் கிடக்கிறார் என்று தந்தி வந்ததாகச் சொல். வேண்டுமானால் நானே அப்படி ஒரு தந்தி அடிக்கிறேன், அந்தப் பாவமும் என் தலையில் இருக்கட்டும். வந்தபிறகு சபையில் வைத்து என்னை அடி, நான் தடுக்க மாட்டேன். உன் ஆம்ப் நல்லபடியாக இருக்கிறது, வந்து ஸ்டீலைச் சொருகி வாசி. எப்படியாவது தை இருபதுக்கு முன்னால் வந்து சேர். அவளுக்கு அண்ணனாக நீ வந்து நில் மாப்ள. என்னால் முடியாது.

அவள் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். நீயும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன்,
முத்திருளன்

பி.கு. தபாலில் சேர்ப்பதற்கு முன்னால் அம்மா வந்து, மருமகனுக்குத்தானே எழுதுகிறாய், நான் கேட்டதாக எழுது என்றாள். நான் வெற்றிலையைத் திருப்பிக் கொடுத்த பிறகு, உன் கடிதத்தைப் படிக்கச் சொன்னதைத் தவிர, இன்றைக்குத்தான் என்னோடு ஒரு வார்த்தை பேசுகிறாள். அத்தை கேட்டதாக எழுதிவிட்டேன்.